குளிரவைத்த தொட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். குட்டிக்குக் கால்வலி குறைந்ததா? மாமா சரியாகத் தூங்குகிறாரா? நீ கூப்பிடும்போதெல்லாம் "மருந்து வந்துரும்க்கா" என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். இன்று அப்படி முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் மருந்து தயாராகும் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று.

குட்டியின் உடம்பில் சுரக்காத அந்தப் புரதத்தைப் பாக்டீரியாவிடம் செய்து வாங்குவதுதான் எங்கள் வேலை. சின்னக் குடுவையில் ஒழுங்காகச் செய்தது, பெரிய தொட்டியில் ஏற்றியதும் மக்கர் பண்ணியது. நாங்கள் விரட்டிய விரட்டில் புரதம் தன் வடிவத்துக்குச் சரியாக மடங்காமல் கட்டிகட்டியாகத் திரண்டுவிட்டது. சூடு பட்டதுபோல் திண்டாடிய பாக்டீரியா, வளர்வதை நிறுத்திவிட்டு, கட்டிகளைப் பிரிக்கவும் வெட்டித் தள்ளவும் தெம்பையெல்லாம் செலவழித்தது. மொத்தத்தையும் கொதிக்கவைத்துக் கொட்டினோம். மறுமுறையும் அதே கதி.

பாக்டீரியாவைப் புரதம் செய்யச் சொல்லி முடுக்கிவிடும் ரசாயனத்தை இன்னும் கூட்டச் சொன்னார் மேலாளர். நான் அதைக் குறைத்து, தொட்டியைக் குளிரவைத்து, மெதுவாகச் செய்யவிடலாம் என்றேன். "பாக்டீரியாவுக்கெல்லாம் பாவம் பார்த்தா கம்பெனி நடத்த முடியுமாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாவம் பார்க்கல சார், கட்டியை ஊசியில ஏத்த முடியாது" என்றேன். ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்தார். கெட்டுப்போனால் நான் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்பதைச் சொல்லாமல் சொன்னார்.

கெடவில்லை, அக்கா. தெளிவாக வந்தது. சோதித்துப் பார்த்த பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மெதுவாகச் செய்ததால் அளவு குறைவு. நினைத்ததில் பாதிகூட இல்லை.

யாருக்கு முதலில் என்று மருத்துவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். எழுந்து நிற்கவே முடியாத குழந்தைகளுக்குத்தான் இந்தச் சுற்று. குட்டி நடக்கிறாள் இல்லையா, அதனால் அவள் பெயர் இதில் இல்லை.

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அக்கா பொண்ணுக்காக நான் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இடம் கொடுக்க இன்னொரு குழந்தையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அந்த நேரம் உன் முகம் கண்முன் வந்தது. அப்படியும் வேண்டாம் என்றேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அடுத்த தொட்டி ஏற்றியாயிற்று. இதுவும் குளிரில்தான், இதுவும் மெதுவாகத்தான். போய்ப் போய்ப் பார்ப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

என்னைத் திட்டு. மாமாவையும் திட்டச் சொல். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. குட்டியின் கால் பயிற்சியை ஒருநாள்கூட விடாதே, அழுதாலும் விடாதே. மருந்து வரும்வரை அவள் நடந்துகொண்டே இருக்கட்டும், அக்கா.

உன்
தங்கை