வேளைக்குச் சோறு

ஆரணி, தை மாசம்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு, மகள் அமலோற்பவம் தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் தயவால சுகமா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்குது?

என் வீட்டுக்காரர் போய் துக்கம் கழியறதுக்குள்ள, "தறி நெய்யாதவளுக்கு எதுக்குச் சோறு?"ன்னு அவர் கூடப்பொறந்த மச்சாண்டார் அடைக்கலசாமி என்னைத் துரத்தினாரே. அவர் வீட்டுத் தறிக்காரங்களுக்கு அதுவரைக்கும் நான்தான் பொங்கிப் போட்டுகினு இருந்தேன். இப்ப அடுத்த தெரு பெரியநாயகம் வீட்டுல அதே வேலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாரம் பூரா என்ன சமையல்னு முடிவுபண்ணி, பொடியும் புளிக்காய்ச்சலும் செஞ்சு வெச்சிடறேன். விறகு மிச்சம். மத்தியானம் ஒரு தறியும் சோத்துக்காகக் காத்துகினு நிக்கிறதில்லை. நெய்தாத்தானே அவங்களுக்குக் கூலி? மச்சாண்டார் வீட்டுலயோ வெயில் தாழ்ந்துதான் சோறு வருதாம். இங்க வேளைக்குச் சோறுன்னு அந்தத் தறிக்காரங்களுக்கு நானே ஆள்விட்டுச் சொன்னேன். ஒவ்வொருத்தரா இங்க வந்துட்டாங்க.

நேத்து அவரே கொல்லைப்பக்கம் வந்து நின்னார். "தப்புதான் அமலோற்பவம். வீட்டுக்கு வந்துடு" என்றார்.

"கை அலம்பிட்டு உக்காருங்க, சோறு இருக்குது" என்றேன். தலையைக் குனிஞ்சுகினு போனார். எனக்கு இரக்கமே வரலை, அம்மா.

வடகம் கொஞ்சம் அனுப்புங்க. முடிஞ்சா நீங்களே எடுத்துகினு வாங்க. எல்லாருக்கும் போட்டுட்டுத் தனியாத்தான் சாப்பிடறேன்.

மச்சாண்டார் வீட்டுல இன்னும் ஒரு தறி ஓடுது. அதுல நெய்யற தாவீதுக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உயிர். நாளைக்கு இங்க அதுதான். உலை பொங்குது, நிறுத்தறேன்.

உங்க மகள்
அமலோற்பவம்