வேணியின் பின்சக்கரம்

நவ. 10, திங்கள்

பனி. மத்திகிரி தாண்டியும் எதிரே வருகிற லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. விரல் மரத்துவிட்டது. சைக்கிளில் 42 கி.மீ. முதுகுவலி இல்லை.

வாங்க வேண்டியது: செயின் ஆயில், சாம்பார் பொடி, அவருக்குச் சளி மாத்திரை.

ஷிப்ட் முடிந்து வரும்போது கோச் சார் கேட்டில் பிடித்துக்கொண்டார். “ஏம்மா கோகிலா, வேணியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. சங்கத்துக்கு அனுப்பணும். எங்கருந்து வந்தா, இன்னா ஜெயிச்சா, பலம் இன்னா, பலவீனம் இன்னா. அவளப் பத்தி உன்னவிட யாருக்குத் தெரியும்?”

மலையேற்றச் சைக்கிள் பந்தயத்துக்கு எங்கள் கம்பெனி அணியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். யார் என்று வரும் ஞாயிறு அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறவிட்டு நேரம் பார்த்துத்தான் முடிவு. சார் படிவத்தை இப்போதே அவள் பெயரில் எழுதச் சொல்கிறார். சரி சார் என்றேன். வேறென்ன சொல்வது.

எனக்கு 34. அடுத்த வருடம் நேரம் பார்க்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

நவ. 11, செவ்வாய்

சாரல். மதியம் வெயில். மறுபடி சாரல்.

படிவம் எடுத்து வைத்தேன். பலவீனம் பகுதியைத்தான் முதலில் நிரப்பினேன். சட்டென்று வந்தது:

1. இறக்கத்தில் பயம். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரி இறங்குவாள்.
2. எதிர்காற்றுக்கு ஆகாது. கெலமங்கலம் ரோட்டில் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான். காற்று எனக்கு, நிழல் அவளுக்கு. மூன்று வருடமாக.
3. பேச்சு. ஏற்றத்தில்கூட வாய் ஓயாது.

மூன்றாவதை அடித்துவிட்டேன். ஏற்றத்தில் பேச முடிவது பலவீனம் இல்லை. எனக்கு அங்கே ஒரு வார்த்தை வராது.

சாயங்காலம் சைக்கிள் ஷெட். வேணி தன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். பெங்களூரில் யாரோ ஓட்டிக் கழித்த சக்கரம், செகண்ட் ஹேண்டில் வாங்கி நேற்றுதான் மாட்டியிருக்கிறாள். “கொஞ்சம் பாத்து டேக் கட்டிடுக்கா. எனக்கு செகண்ட் ஷிப்டு, நான் ஓடறேன்.”

டேக் என் வேலைதான். பதினோரு வருடமாக கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். சரியான பாகத்துக்குப் பச்சை, கழித்துப்போடுவதற்குச் சிவப்பு, கீழே எம்.கே. என்று என் கையெழுத்து. பழைய அச்சு டேக்குகளைக் குப்பையில் போட இருந்தார்கள், ஒரு கட்டு எடுத்து வந்தேன். விளையாட்டாக ஒருமுறை அணியின் வண்டிகளைச் சோதித்துப் பச்சை டேக் கட்டினேன். அன்று நன்றாக ஓட்டினோம். அதிலிருந்து என் டேக் இல்லாமல் யாரும் பந்தயத்துக்கு ஏறுவதில்லை. வே. ரொம்ப மோசம், சீட்டுக்கு அடியில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலையே தூக்குவாள்.

பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். நான்கு சுற்றில் நின்றுவிட்டது. இருபது சுற்றாவது ஓட வேண்டும். குனிந்து பார்த்தால், புது ரிம் பழையதைவிட அகலம். வலதுபக்கப் பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஆலன் கீயால் ஒரு ஸ்க்ரூவை அரைத் திருப்பு திருப்பினால் போதும். கீ கையிலேயே இருந்தது.

திருப்பவில்லை.

பச்சை டேக் கட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

நவ. 12, புதன்

தூக்கம் சரியில்லை. அவர் சளி எனக்கு ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

வேலையில் ஒரு கூத்து. இரண்டாம் ஷிப்ட் இன்ஸ்பெக்டர் முருகேசன் ஒரு ட்ரே முழுக்கச் சிவப்பு டேக் கட்டியிருந்தார். குறையை நேற்றுப் பார்த்திருக்கிறார். டேக்கில் இன்றைய தேதி. பிடித்துக்கொண்டேன். “எப்ப பாத்தீங்களோ அந்தத் தேதிய போடுங்க. கட்டின தேதி யாருக்கு வேணும்? நடுவுல எத்தினி பீஸ் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?” லைனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முருகேசன் தலையை ஆட்டினார். ஒரு தேதிக்கு இவ்வளவு சத்தமா என்று நினைத்திருப்பார். அப்புறம் என் டேக்குகளின் தேதியை எல்லாம் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

படிவத்தில் வேணி வந்த கதை எழுதினேன். தளிப் பக்கம் கிராமம். வீட்டில் கோஸ், புதினா, கொத்தமல்லி. வீட்டுப் பேச்சு கன்னடம். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணன் சைக்கிளில் மிதித்து வந்து, பஸ்ஸுக்கு முன்னால் கேட்டில் நின்றாளாம். இந்தக் கதையைச் சொல்லாத ஆள் கம்பெனியில் இல்லை. கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அன்று கேட்டில் நின்றது நான். மூச்சு வாங்காமல் ஐடி கார்டு தேடிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்துச் சாரிடம் கூட்டிப்போனது நான். நானே என் கையால்.

அதற்கு முந்தின வருடம் வரை மாநில மலைப்பந்தயம் என்றால் கோகிலா. பிறகு மூன்று வருடமும் வேணி. போன வருடம் தேசிய அளவில் வெண்கலம். எழுதிவிட்டேன். என் பெயரை எழுதவில்லை, அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

நவ. 14, வெள்ளி

குளிர். பால் தீர்ந்துவிட்டது.

கேன்டீனில் வே. தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். போனில் அம்மாவிடம் “ஆய்த்தம்மா, ஊட்டா ஆய்த்து” என்று, சாப்பிட்டுவிட்டதாகப் பொய். அப்போதுதான் முதல் கவளம்.

“அக்கா, பின்னாடி ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுக்கா. ஏறும்போது கொஞ்சம் கனமாவும் இருக்குது.”

“புது சக்கரம், ஓட ஓடச் சரியாயிடும்” என்றேன்.

“அது சரி. நீ பாத்துட்டியே” என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். எப்போதும் எடுப்பதுதான். இன்று அந்த அப்பளத்தின் மேல்கூடக் கோபம் வந்தது.

அவள் நாற்பத்தேழு கிலோ. நான் ஐம்பத்தொன்பது. எவ்வளவு மிதித்தாலும் பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறுகிறேன். நியாயமா இது? பிரேக் கட்டை எத்தனை கிலோவுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டேன் என்று இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

நவ. 16, ஞாயிறு

மூடுபனி. யானை இறங்கியிருக்கிறது, வெளிச்சம் வந்த பிறகு போங்கள் என்று செக்போஸ்ட்டில் நிறுத்தி வைத்தார்கள். ஏழரைக்குத்தான் மலைக்கு அடியில் சேர்ந்தோம். சார் ஜீப்பில் மேலே போய்விட்டார்.

ஒருவர் பின் ஒருவராக, இரண்டு நிமிட இடைவெளி. வே. முதலில். நான் இரண்டாவது.

வே.: 23 நிமிடம் 10 விநாடி.
நான்: 23.21.

பதினோரு விநாடி. வழக்கமாக ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாது. மூன்று வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் நான் வந்ததே இல்லை. நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலே அவள் மஞ்சள் சட்டை தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான்.

வே. உச்சியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து. “காலு கல்லு மாதிரி ஆயிடுச்சுக்கா. இன்னான்னே தெரியல.” பேச்சு அவ்வளவுதான்.

சார் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “வேணிக்கு நேரம் ஏறிப்போச்சு. கோகிலா, நீ இந்த வயசுல... அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் இன்னொரு வாட்டி ஏறுங்க. அதுல பாத்துக்கலாம்.”

வீட்டில் அவர் கேசரி கிண்டினார். அடிப்பிடித்திருந்தது, முழுக்கச் சாப்பிட்டேன்.

நவ. 18, செவ்வாய்

வெயில், ரொம்ப நாளைக்கு அப்புறம். துணி காய்ந்தது.

கம்பெனி முழுக்க என் பேச்சு. முருகேசன்கூடக் கை கொடுத்தார். டூல் ரூமில் யாரோ, “அந்தப் பொண்ணு முடிஞ்சிடுச்சுப்பா. சீக்கிரமா ஏறினா சீக்கிரமா இறங்கும்.” இன்னொரு குரல், “கோகிலாம்மா பழைய கை.” காதில் விழாத மாதிரி மெதுவாக நடந்தேன். இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று இன்னும் மெதுவாக.

நன்றாக இருந்தது. பொய் சொல்லி என்ன, நன்றாகத்தான் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் வே. தனியாக நின்றிருந்தாள். டாக்டரிடம் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாளாம், சத்துக் குறைவா என்று பார்க்க. கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. “ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கக்கா. அப்ப மனசுலதான் கோளாறு போல” என்று சிரித்தாள்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது.

நவ. 20, வியாழன்

இரவு ஒன்றும் எழுத முடியவில்லை. காலையில் எழுதுகிறேன். காஸ் தீரப் போகிறது, பதிய வேண்டும்.

நேற்றுதான் சரியாக உறைத்தது. அவள் பிரேக் போட்டுக்கொண்டே அந்த மலையை ஏறியிருக்கிறாள். ஏழு கிலோமீட்டர், அத்தனை வளைவு, பிரேக் ரிம்மைப் பிடித்தபடி. அப்படி ஏறியும் என்னைவிடப் பதினோரு விநாடி முன்னால். நான் உயிரைக் கொடுத்து மிதித்தும்.

இதை யாரிடம் சொல்வது? அவரிடம்? எனக்காகக் கிண்டிய கேசரியை வாந்தி எடுக்கச் சொல்வாரா.

படிவத்தில் பலம் பகுதி இன்னும் காலி. எழுத உட்கார்ந்தேன்.

தோள் ஆடாது. எழுந்து நின்று மிதிக்கமாட்டாள், உட்கார்ந்தே. மூக்கால் மூச்சு. எல்லாரும் வளைவு முடிந்ததும் கொஞ்சம் ஆறுவோம், அவள் அங்கேதான் கியர் கூட்டுவாள், அந்த ஓர் இடத்தில்தான் மற்றவர்களை விட்டுப்போவாள். என்னையும் அங்கேதான் விட்டாள், முதல் வருடம், நான்காவது வளைவில். வலித்தாலும் முகத்தில் தெரியாது. சொன்னதைக் கேட்பாள். சொல்கிறவர்களை நம்புவாள்.

கடைசி இரண்டையும் அடித்தேன். பிறகு கேட்பாள் என்பதை மட்டும் திரும்ப எழுதினேன்.

நவ. 22, சனி

மழை நின்றுவிட்டது. நாளை வண்டி போகும் என்று செக்போஸ்ட்டில் சொல்லிவிட்டார்களாம்.

ஒன்றும் சொல்லாமல் நாளை ஏறினால், போவது நான்தான். அவள் மனசு ஏற்கனவே விழுந்துவிட்டது, பதினோரு விநாடி பெரிய விஷயமே இல்லை. கடைசி வாய்ப்பு. பதினோரு வருடத்தில் ஒரு பொய் டேக். ஒன்றுதானே.

பையில்: தண்ணீர் பாட்டில் 2, கடலை மிட்டாய், ரெயின் கோட், ஆலன் கீ. டேக் கட்டிலிருந்து ஒரு பச்சை, ஒரு சிவப்பு. இரண்டையும் ஏன் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாத மாதிரி எடுத்து வைத்தேன்.

நவ. 23, ஞாயிறு

வானம் சுத்தம். மலைக்கு அடியில் ஈர மண் வாசனை. சார் மேலே. இங்கே நாங்கள் இருவர் மட்டும்.

வே. வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “டேக் கட்டுக்கா.”

பழைய பச்சையை அவிழ்த்தேன். சிவப்பைக் கட்டினேன். முந்தியே எழுதி வைத்திருந்தேன். குறை: பின்பிரேக் கட்டை ரிம்மில் உரசல். கண்ட தேதி: நவ. 11. கண்டவர்: எம்.கே. அசெம்பிளி லைனில் இருப்பவள், சிவப்பு டேக்கைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

படித்தாள். தேதியின் மேல் கட்டை விரலை வைத்தாள்.

“அக்கா, இது அந்த செவ்வாக்கிழமையா?”

“ஆமா.”

“டேக் கட்டின அன்னிக்கா?”

“ஆமா.”

ரோட்டில் ஒரு பால் வண்டி போனது. திட்டுவாள் என்று நின்றேன். அழுவாளோ என்றும். அவள் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். நான்கு சுற்று. நின்றது.

“அப்ப இது இல்லாம ஏறியிருந்தா எத்தினி வந்திருக்கும்?”

அதைத்தான் கேட்டாள். சத்தியமாக அதை மட்டும்தான்.

“தெரியல வேணி.”

“பாத்துடலாம். சரி பண்ணுக்கா.”

மண்டி போட்டேன். அரைத் திருப்பு. சுற்றிவிட்டேன், சக்கரம் நிற்கவே இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். சிவப்பை அவிழ்த்துத் தன் சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டாள். சீட்டில் கை வைத்தாள், ஏறவில்லை.

“பச்ச கட்டு.”

“நான் கட்டணுமா?”

“வேற யாரு கட்டுவாங்க? நேரமாவுது.”

கட்டினேன். கையெழுத்து கோணலாக வந்தது. சீட்டுக்கு அடியில் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினாள். ஸ்ஸ் சத்தம் இல்லை. முதல் வளைவிலேயே மறைந்துவிட்டாள். இரண்டு நிமிடம் கழித்து நான். மஞ்சள் சட்டையை மலை முழுக்க ஓர் இடத்திலும் பார்க்கவில்லை.

வே.: 21.38. எங்கள் அணியில் அந்தப் பாதையில் யாரும் போடாத நேரம்.
நான்: 23.19. போன வாரத்தைவிட இரண்டு விநாடி நல்லது. யாரும் கவனிக்கவில்லை.

சார் தாளை விசிறிக்கொண்டிருந்தார். “ஒரு வாரத்துல இன்னா மாயம் பண்ணே?”

அவள் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே, “அக்கா பிரேக்க சரி பண்ணிக் குடுத்தாங்க சார்” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். தேதியைச் சொல்லவில்லை. சிவப்பு டேக் பையிலேயே இருந்தது, நூல் வெளியே தொங்கியது. நான் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கோகிலா கை வெச்சா அதான்” என்று சார் என் முதுகில் தட்டினார்.

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சரிக்குச் சரி ஆகியிருக்கும், வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன், முடிந்திருக்கும். இப்போது இதிலும் அவளே முதல். வயிறு எரிகிறது.

படிவத்தை முடித்துவிட்டேன். பலம்: ஒன்றரைப் பக்கம். பலவீனம்: இறக்கத்தில் பயம். எதிர்காற்றை அடித்துவிட்டேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை, தேடிவிட்டேன்.