யார் அந்த மெலனி?

ஜனக்புரி,
5.2.1979

அன்புள்ள அம்சா,

மஞ்சள் காமாலை இறங்கியதா? கண்ணில் இன்னும் மஞ்சள் தெரிகிறது என்று உன் தங்கை வத்சலா சொன்னாள். மோர் சாதத்தைத் தவிர எதையும் தொடாதே. ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் போனால் அப்பளம் வாங்கி வருகிறேன். சுட்டுத் தின்னலாம்.

சனிக்கிழமை காலேஜ் விழாவில் நீ இல்லாமல் வாசித்தோம். ஆர்கன் இல்லாத குறை எனக்குத்தான் தெரிந்தது. நம் தலை விக்கையும் கறுப்புக் கோட்டையும் பார்த்ததுமே, நாம் வேஷம் போடுகிற லண்டன் பேண்டே நேரில் வந்துவிட்ட மாதிரி கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. நடுவில் புதுப் பாட்டு ஒன்று சேர்த்தோம். ஒரே ஒன்ஸ்மோர்! அதைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

சனிக்கிழமைதோறும் வாசிக்க ஒரு ஹோட்டலில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜல்தி எழுந்து வா.

அன்புடன்,
ஜம்பு


லக்ஷ்மிபாய் நகர்,
9.2.1979

ஜம்பு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. நேரில் வராதே. வந்தால் அப்பா எதிரிலேயே கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விழாவுக்கு வத்சலா வந்திருந்தாள். "அக்கா, லண்டன் பேண்டோட புதுப் பாட்டு ஒண்ணு பாடினாங்க. ரெக்கார்டு இன்னும் இந்தியாவுக்கே வரலையாம்" என்று சொல்லிப் பாடியும் காட்டினாள்.

அது என் பாட்டு. நம் அந்தோணி ஸ்கூட்டரோடு லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு நான் இங்கிலீஷில் எழுதி, மெட்டுப் போட்டு, உனக்கு மட்டும் வாசித்துக் காட்டிய பாட்டு.

நீயே எழுதியது என்று சொல்லியிருந்தால் திருட்டு என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீயோ அதைத் தூக்கி, உன்னையும் என்னையும் தெரியாத வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டாய். மூன்று வருஷமாக அவர்களைக் காப்பி அடித்து அடித்து, நமக்கென்று ஒன்று இருக்கக் கூடாது என்றே உனக்கு ஆகிவிட்டதா?

நான் 'அந்தோணி' என்று கூப்பிடுகிற இடத்திலெல்லாம் 'மெலனி' என்று பாடினாயாமே? யார் அந்த மெலனி? நம்மோடு டிரம்ஸ் வாசித்தவளா? ரிங் ரோட்டில் ரத்தம் கொட்டிக் கிடந்தவளா?

பதில் எழுது.

அம்சவேணி


ஜனக்புரி,
14.2.1979

அம்சா,

கோபப்படுவாய் என்று தெரியும். இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எனக்கும் கோபம் வருகிறது.

போன பொங்கல் விழாவில் உன்னுடைய இன்னொரு பாட்டை உன் பெயரைச் சொல்லித்தானே பாடினோம்? பாதிப் பேர் சமோசா வாங்கப் போய்விட்டார்கள். "பையா, அஸ்லி பாட்டு பாடு" என்று லண்டன் பாட்டைக் கேட்டு ஒருவன் கத்தியது மறந்துவிட்டதா? லண்டன் என்றதும் இங்கே அத்தனை பேரும் வாய் மூடிக் கேட்டார்கள். நல்ல பாட்டு என்று தெரிந்துவிட்டது. அது போதாதா உனக்கு?

அந்தோணி உனக்கு மட்டும் சிநேகிதன் இல்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி அவனை அடையாளம் காட்டியவன் நான். ஒத்திகையில் அவன் பெயர் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்தது. மேடையில் அழுதுகொண்டா பாட முடியும்? அதனால்தான் மாற்றினேன்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டார்கள். 24ஆம் தேதி முதல் நிகழ்ச்சி. வந்து ஆர்கனில் உட்கார். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஜம்பு


லக்ஷ்மிபாய் நகர்,
26.2.1979

ஜம்பு,

வந்தேன். வத்சலாவோடு கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று பாட்டு தொடங்கும்வரை நம்பினேன். "லண்டனிலிருந்து புத்தம் புதுசு" என்றாய்.

கைதட்டல் அடங்குவதற்குள் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். இது லண்டன் பாட்டு இல்லை, நான் எழுதியது என்று இந்தியில் சொன்னேன். சிரித்தார்கள். "அச்சா! அப்போ மெலனி யாரு, நீயா?" என்று ஒருவன் கேட்டான். இன்னும் சிரித்தார்கள்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ குனிந்து கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாய். மானேஜர் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அப்போதும் நீ நிமிரவில்லை. நான் வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டாய்.

இனி நான் உங்கள் பேண்டில் இல்லை. ஆர்கனை எடுத்துப்போக அப்பா வருவார். அவரிடம் கதை எதுவும் சொல்லாதே.

அந்தோணி பெயரைச் சொன்னால் தொண்டை அடைக்கிறது என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன்.

என் பெயரைச் சொல்ல உனக்கு என்ன அடைத்தது?

அம்சவேணி