எங்கே முட்டுது?

நானா,

இன்று காலை என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. மருந்துப் போத்தலைத் திறந்தேன். அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்து சிரித்துவிட்டேன். "நான் மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறன், உமக்குச் சிரிப்பு வருகுதோ?" என்று அவர் சீறினார். இதே மருந்தை நாலு கிழமை உங்கள் சலப்பைக்குக் கொடுத்தவள் நான் என்பது அவருக்கென்ன தெரியும்!

வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துப் போன மறு வருடம். மூடை இறக்கும்போது கப்பலின் அடித்தட்டில் விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி நான் தாதியாக இருந்த வாட்டுக்கு வந்தீர்கள். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் 'நானா' என்றேன். மெல்ல மெல்லக் கால்கள் அசைந்தன. சலம் மட்டும் தானாகப் போகவில்லை, குழாய்தான். "இந்தக் குழாயோட பள்ளிக்குத் தொழப் போக மாட்டன் மிஸ்ஸி," என்றீர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறதே என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "அல்லாஹ் பொறுப்பான். என்ர மனசு பொறுக்காது," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

எங்கள் டொக்டர் சலப்பை நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நசுங்கிய நரம்பு மீண்டும் உயிர் பெறுமா, பெற்றால் முதல் அறிகுறி என்ன என்பதே அவருடைய கேள்வி. குழாயைக் கிளிப் போட்டு மூடுவோம், சலப்பை நிறையும், உணர்வு ஏதும் தெரிகிறதா என்று கேட்டு, நேரத்தோடு கொப்பியில் எழுதுவது என் வேலை. "சலம் போகவேணும் போல இருக்கோ?" என்றால் "இல்ல" என்பீர்கள். கொஞ்ச நேரத்தில் "முட்டுது மிஸ்ஸி" என்பீர்கள். எங்கள் ஊரான சல்லியில் முட்டு என்றால் இழுப்பு. நானும் பெரிய கெட்டிக்காரி போல 'முட்டுது' என்று எழுதி, இழுப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்து, கையோடு கிளிப்பையும் கழற்றுவேன். "இப்ப சுகம்," என்பீர்கள். கிளிப்பைக் கழற்றினால் சுகம் வராமல் என்ன செய்யும்! எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

கடைசியில், நீங்கள் சொன்ன 'இல்ல'களை வைத்து, நரம்பு செத்துவிட்டது, அடிவயிற்றில் துளையிட்டு நிரந்தரக் குழாய் வைப்போம் என்று டொக்டர் முடிவெடுத்தார். அதற்கு முதல் நாள் நீங்கள் கேட்டீர்கள்: "மிஸ்ஸி, முட்டுறதுக்கு இன்னும் கொஞ்சம் மருந்து தாங்க. கீழ பாரமா இருக்கு."

"கீழயோ? எங்க முட்டுது?"

தொப்புளுக்குக் கீழே கையை வைத்தீர்கள்.

கொப்பியைப் புரட்டினேன். ஒவ்வொரு 'முட்டுது'வும் கிளிப் போட்ட பிறகு, சலப்பை நிறையும் வேளையில். முதல் கிழமை இரண்டொரு நாள், பிறகு தினமும். நரம்பு திரும்பி வந்து கூப்பிட்டிருக்கிறது. நான் இழுப்பு மருந்து ஊற்றியிருக்கிறேன்!

வேலை போனாலும் போகட்டும் என்று டொக்டரிடம் போய் நின்றேன். "சேர், பிழை என்னில."

"நாலு கிழமையா எழுதினனீர். எங்க எண்டு ஒருக்காக் கேட்டனீரோ?"

"இல்லை சேர்."

கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். சத்திரசிகிச்சையை நிறுத்தினார். "பிழையா விளங்கினாலும், அவர் சொன்ன சொல்லை அப்பிடியே எழுதினனீர். அதால மனுசன் தப்பினார்," என்றார்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தோம். நான் திரைக்கு வெளியே ஆண்டவனைக் கும்பிட்டபடி நின்றேன். "வந்திட்டுது மிஸ்ஸி!" என்று வாட்டே அதிரக் கத்தினீர்கள். வெட்கம் மானம் பார்க்காமல் அழுதேன், நானா.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எந்த நோயாளியின் சொல்லையும் என் சொல்லாக மாற்றி எழுதியதில்லை. நீங்கள் மவுத்தான செய்தி கேட்டுக் கிண்ணியாவில் சாவீட்டுக்கு வந்தபோது உங்கள் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தார். "கடைசி வெள்ளிக்கும் பள்ளிக்கு நடந்துதான் போனவர் மிஸ்ஸி, வெள்ளைச் சாரனோட, ஒரு சொட்டுக் கறையில்லாம," என்றார். அதையும் சொன்னபடியே வைத்திருக்கிறேன், ஓர் எழுத்தும் மாற்றாமல்.