கண்ணாடியில் பூசிய சந்தனம்

சங்ககிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தீபிகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், பாதி நலம் என்று வைத்துக்கொள். ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருங்கள்.

தானாக ஓடும் கார்களில் ஜனங்களுக்கு எது பிடிக்கிறது என்று விசாரிப்பதுதானே உன் வேலை, நம் காரில் எது பிடித்தது என்று போனில் கேட்டாய், அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவனுக்கு ஸ்டியரிங்கை விட மனம் வராது, ஆனால் பார்வை மங்குகிற வயசில், குறுக்கே ஆள் வந்தால் தானே பிரேக் போடும் என்றதும் அந்த மாடலைத்தான் கேட்டு வாங்கினேன். இரண்டு தடவை போட்டது, எனக்கும் மெத்தனம் வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று அம்மா வண்டியைக் கழுவி, முன்கண்ணாடி உச்சியில் சந்தனத்தைப் பட்டையாகப் பூசிக் குங்குமம் வைத்தாள். குறுக்கே வருவதைப் பார்த்து பிரேக் போட வைக்கும் கேமரா அதற்கு நேர் பின்னால்தான். மறுநாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தது. லாரியில் எரிகிற விளக்கையெல்லாம் பார்த்தால் லோடு போய்ச் சேருமா, அந்தப் பழக்கத்தில் விட்டுவிட்டேன். குமாரபாளையம் போகும் வழியில் தறி ஓட்டும் சின்னுசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். பார்த்தேன் அம்மணி, நன்றாகவே பார்த்தேன். பழைய கால் என்றால் நினைக்கும் முன்னே மிதித்திருக்கும். அன்றைக்கு அது காருக்காகக் காத்திருந்தது.

கார் மோதியதில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள், இனித் தறியில் நின்று வேலை செய்வது சந்தேகம் என்கிறார் டாக்டர். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேமராவைச் சந்தனம் மறைத்ததைச் சர்வீஸ்காரர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அம்மாவோ தினமும் சின்னுசாமிக்குச் சாப்பாடு கொண்டுபோய், நாம்ப பொட்டு வெச்சதுனாலதானுங்க உசுரு தப்புச்சு என்று அவர் மனைவி சௌந்திரத்திடமே சொல்கிறாள். உண்மை தெரிந்தால் ஒடிந்துபோவாள். எங்கள் பக்கத்து ஆள் சாவி திருகும் முன் பொட்டு வைப்பான் என்று உன் ஆபீசில் எழுதிக்கொடு, கேமராவுக்கு இடம் பார்த்தவர்கள் அதையும் கேட்டிருக்கலாம்.

தீர்க்காயுசாக இரு சாமி. ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு அந்தத் தொழில் தெரியும் என்பதால், கார் ஏன் நிற்கவில்லை என்று அம்மா உன்னிடம் கட்டாயம் கேட்பாள். அப்பாவின் கால் பிந்திவிட்டது என்று சொல். அது பொய்யும் இல்லை.

இப்படிக்கு
உன் அப்பா
மயில்சாமி