கீழ வளைவின் குளிர்ந்த தண்ணீர்

மாசி, வெள்ளி
காலையில் உறைபனி. பிறகு நல்ல வெயில்.

எந்த வருஷம் என்று பின்னால் தெரிய வேண்டும்: காட்டெருமை ரேஷன் கடைச் சுவரை இடித்த வருஷம். மத்தியான பஸ் நின்றுபோன வருஷம். என் கடைசிப் பல்லும் விழுந்த வருஷம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று பேச்சு.

கோயமுத்தூரிலிருந்து மீனைப் பற்றிப் படிக்கிற பெண் வந்தாள். பெயர் நிர்மலா. விரல் நீள டிரவுட் மீன் குஞ்சுகளை, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை ஒட்டிய ஓடையிலும் தேயிலை பேக்டரி ஓடையிலும் விட்டாள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் அரிசிக் குருணை போல ஒரு சில்லு. அவள் கையில் ஒரு கோல், அதோடு கோத்த கருவி; சில்லு இருக்கும் இடத்தில் கோலை நீட்டினால் கருவி கத்தும். கோடை தாண்டி எந்த ஓடையில் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றனவோ, அங்கேதான் முதலில் கரை கட்டி நிழல் மரம் வைப்பார்களாம். எங்கள் குழாய்க்கு வருவது இந்த ஓடைத் தண்ணீர்தான். போன கோடையில் சேறாக வந்தது. நம் ஓடை ஜெயிக்க வேண்டும்.

மீன் தூங்குமா என்று கேட்டேன். "தூங்கும்ங்க தாத்தா. கண்ணத்தான் மூடாதுங்க." சாப்பிடும்போதும் இதே யோசனை.

பங்குனி, செவ்வாய்
மேகம். முழங்கால் வலி.

மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கும் முன் ஓடையைச் சுத்தம் செய்வது வழக்கம். சிலோன் தோட்டத்தில் இருந்தபோதும் அப்படித்தான். இந்த முறை மீனுக்காகவும் சேர்த்து. விழுந்து கிடந்த கட்டைகள், பாறாங்கல், கரையோரப் புதர், எல்லாம் எடுத்தாயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி.

செல்வி: "மீனுக்கும் ஊடு கூட்டிக் குடுத்தாச்சுங்க மாமா."

பங்குனி, சனி
நிர்மலா வந்தாள். ஓடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க தாத்தா, இங்க கெடந்த கட்டையெல்லாம் எங்கீங்க?"

"அடுப்புக்குப் போயிருச்சு தாயி. புதுசா குஞ்சுக வந்திருக்குன்னுதானே கூட்டி வச்சோம்."

கல்லில் உட்கார்ந்தாள். தலையில் கை. பிறகு சிரித்துவிட்டாள். கட்டைக்கு அடியில்தான் குஞ்சுகள் ஒளியுமாம். கல்லுக்குப் பின்னால்தான் ஓட்டத்தில் அடிபடாமல் நிற்குமாம். ஒளிய இடம் இல்லாவிட்டால் மீன்கொத்திக்குச் சாப்பாடு.

மேலோடை முழுக்கக் கோலை நீட்டி நடந்தோம். கருவி வாய் திறக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

பங்குனி, திங்கள்
தூறல்.

எடுத்ததைத் திரும்பப் போடுகிறோம். பக்கத்து லயத்துப் பெரியசாமி: "என்னா பெருசு, மீனுக்கு லயம் கட்டுறியா? எனக்கும் படுக்க ஒரு காம்பரா ஒதுக்கு." சொன்னவனே அடுப்புக்கு வைத்திருந்த கட்டையைத் தோளில் தூக்கி வந்து போட்டான்.

நாங்கள் கை வைக்காத கீழ வளைவில் கருவி கத்தியது. ஒன்றல்ல, நிறைய. எல்லாம் அங்கே இறங்கிவிட்டன. அடியில் கண்ணாடி வைத்த வாளி ஒன்று கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னாள். ஓட்டத்தை எதிர்த்து எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, காலைப் பிரட்டில் பேர் கூப்பிட நிற்கிற ஆட்கள் மாதிரி. வாலில் மட்டும் அசைவு. கண் மூடவில்லை. தூங்கினவை எவையோ.

சித்திரை, புதன்
சூடு. தண்ணீர் கணுக்கால் அளவு.

குஞ்சுகள் இன்னும் வளைவில்தான். ஆனால் வளைவை வண்டல் மூடிவிட்டது. தண்ணீர் சூடேறினால் ஒன்றும் தங்காதாம்.

"இதுக்குள்ள சில்லுனு ஊத்து ஏதாச்சும் இருந்துச்சுங்களா தாத்தா? தோண்டி விட்டாப் பொழச்சுக்கும்ங்க."

எனக்குத் தெரியாது. மேலோடை எல்லாம் அத்துப்படி. வளைவு பெண்கள் குளித்த இடம். ஆண்கள் அந்தப் பக்கம் தலை திருப்ப மாட்டோம். குழாய் வந்த பிறகு பெண்களும் போவதில்லை.

ஊற்று உண்டு. அது நிச்சயம். என் வீட்டுக்காரி கருப்பாயி சித்திரையிலும் குளித்து வந்து ஈரக் கையை என் பிடரியில் வைப்பாள். ஐஸ். "கத்தாதீக, கங்காணிக்குக் கேக்கும்" என்பாள். எந்தக் கல்லுக்கு அடியிலிருந்து அந்தத் தண்ணீர் என்று நான் கேட்டதே இல்லை.

செல்வி, அந்தக் கல்லைக் காட்ட யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம், அங்கே குளித்தவர்கள் பேரை எழுதும்மா. கருப்பாயி, இல்லை. அவள் தங்கை மீனாட்சி, இல்லை. கடைசிக் காம்பரா அந்தோணியம்மா, போன மழையில் போனாள். பேச்சியம்மா.

பேச்சி இருக்கிறாள். பிக்கட்டியில், மகள் வீட்டில்.