அப்போது அந்த மருந்து இல்லை

மாடி வீட்டுப் பெண் நேற்று காலையில் ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். "ஒரு நாளைக்கு ஒண்ணுதான் ஆன்ட்டி, டிபன் சாப்பிட்டுட்டுப் போட்டுக்குவேன்" என்றாள். பத்து வருடமாகப் போட்டுக்கொள்கிறாளாம். என்ன நோய் என்று கேட்டேன். சொன்னாள். இரத்தத்தில் வருகிற புற்றுநோய். மண்ணீரல் வீங்கி இடப்பக்கம் வயிறு கல்லாகிவிடும். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது உன்னைக் கொண்டுபோன நோய். அவள் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறிப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பது வருடம் கழித்து எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. உன்னைப் பார்த்த டாக்டர்கள் மேல், உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த உன் அண்ணன் மேல், எல்லாரையும் விட என் மேல். வேறு எங்கேயாவது கொண்டுபோயிருக்கலாமோ, யார் காலிலாவது விழுந்திருக்கலாமோ என்று பகல் முழுக்க அதே புலம்பல்.

உன்னை முதலில் பார்த்தது நினைவிருக்கிறதா? மந்தைவெளியில் டாக்டர் வீட்டு முன்னறைதான் டிஸ்பென்சரி. மருந்து கலக்கும் அறைக்கு ஒரு சதுர ஜன்னல். அதற்குள் கம்பவுண்டராக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நீ. என் மகனுக்கு இருமல். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன பாட்டிலை வாங்கி மருந்தை ஊற்றினாய். வேளைக்கு இவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி பாட்டிலின் பக்கத்தில் ஒட்டினாய். சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாய். "நவாப்பு காலத்துல தலவலிக்கு மாத்திர குடுத்த அம்மா நீதானா?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர் எழுதுகிறவள் என்று மயிலாப்பூரில் நான்கு பேர் மதிப்பாகப் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம். நீ விடவில்லை. "அந்த மாத்திர வந்தே எழுவது வருசம்தான் ஆவுது. நவாப்புக்கு சுக்கு அரைச்சுப் பத்து போடு. ரொம்ப வலின்னா அபின் குடு. மாத்திரய மட்டும் குடுக்காதே." ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் நாம் சிநேகிதிகளானோம். ஒரு மணிக்கு டிஸ்பென்சரி மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். எழுதியதைச் சுருட்டிக்கொண்டு பிளாஸ்கில் காப்பியோடு வந்துவிடுவேன். ஓமவாட்டரும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனையில் உட்கார்ந்து நீ படிப்பாய். என் சிப்பாயின் காயத்தில் டிஞ்சர் தடவினால் அடித்துவிட்டு, கொதிக்கிற எண்ணெய் என்று எழுதுவாய். கொய்னா கப்பலேறி வந்த சரக்கு, அதற்கு முன்னால் எந்த ராஜாவுக்குக் குளிர்ஜுரம் வந்தாலும் நிலவேம்புக் கஷாயம்தான் என்பாய். வைத்தியர் தெர்மாமீட்டரை உதறினால் தலையில் அடித்துக்கொள்வாய். "கைய வெச்சுப் பாக்கச் சொல்லு ரைட்டரே, அவுருக்குக் கை இல்லியா?" என் கதையில் எந்த வைத்தியனும் உன்னைக் கேட்காமல் பெட்டியைத் திறந்ததில்லை.

பிறகு அலமேலு வந்தாள். கும்பெனி காலத்தில் துரைகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷ் ஒருவரின் இளம் மனைவி என்று நான் எழுதிய பெண். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அவளுக்குப் பிரசவ ஜன்னி கண்டது. அந்த வாரம் அத்தனை கடிதங்கள். அலமேலுவைக் கொன்றுவிடாதீர்கள் என்று அழுது எழுதியிருந்தார்கள். ஆசிரியரோ, "அவ செத்தா நம்ம தொடரும் செத்துடும்மா" என்று சொல்லிவிட்டார். நான் உன்னிடம் ஓடிவந்தேன். ஏதாவது ஒரு மருந்து சொல்லேன் என்று கெஞ்சினேன்.

நீ காகிதம் வெட்டுவதை நிறுத்திவிட்டாய். "இல்லியே" என்றாய். "அப்ப அதுக்கு மருந்தே கெடையாது. சல்ஃபா மாத்திர வந்த அப்பால்தான் பொம்பளைங்க பொழைச்சாங்க."

பிறகு மெதுவாகச் சொன்னாய். உன்னைப் பெற்ற ஒன்பதாம் நாள் உன் அம்மா அதே ஜன்னியில் போய்விட்டாள். "நான் பொறந்து மூணு நாலு வருசத்துல மாத்திர வந்துட்ச்சு. எங்க நைனா சாவற வரிக்கும் மருத்துவச்சியத் திட்டிக்கினே இருந்தாரு. ஊரெல்லாம் என்னத்தான் சொல்லிச்சு, ஆத்தாள முழுங்கிட்டு வந்தவன்னு. கம்பவுண்டர் வேலக்கி வந்து படிச்சப்பதான் தெரிஞ்சிச்சு, யாரும் ஒண்ணும் பண்ணிருக்க முடியாதுன்னு. அன்னிக்கித்தான் எனக்கு மூச்சே வந்திச்சு. அவள நீ பொய்யா பொழைக்க வெக்காதே ரைட்டரே."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அவளைப் பிழைக்க வைத்தேன். பொதிகை மலையிலிருந்து ஒரு சித்தரை வரவழைத்து, பெயர் தெரியாத ஒரு வேரின் சாற்றை ஊற்றச் சொன்னேன். கதைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. வெட்கங்கெட்டவள், அவற்றை எடுத்துக்கொண்டு உன்னிடமே வந்தேன்.

நீ அந்த இதழை ஏற்கெனவே படித்திருந்தாய். "ஷோக்கா கீது" என்றாய். ஒரு பாட்டிலுக்கு மூடி திருகிவிட்டு, "அப்ப வேரு இருந்திருக்குது. எங்காத்தாளுக்குத்தான் யாரும் தேடல" என்றாய். திட்டியிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அடுத்த வாரம் எழுதியதைக் கொண்டுவந்தபோது, கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றாய். ஜன்னலில் ஒரே ஒரு கிழவர்தான் நின்றிருந்தார். அதன் பிறகு நீ என் எழுத்தைத் தொடவே இல்லை.

அடுத்த வருடம் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கை குச்சியாக, வயிறு மட்டும் புடைத்திருந்தது. ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். அது சில மாதம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். சாத்துக்குடி உரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வந்தது என்னவோ பஸ் கூட்டத்தைப் பற்றிய பேச்சு. நீதான் என்னைத் தேற்றினாய். "இதுக்கு இன்னும் மருந்து வர்ல ரைட்டரே. வந்தா நீ தேதி பாத்து எழுது." இரண்டு சுளைக்கு மேல் உன்னால் சாப்பிட முடியவில்லை. அதுதான் கடைசி.

நேற்று சாயங்காலம் அந்த வார்த்தை திரும்ப வந்தது. இன்னும் மருந்து வரவில்லை. ஆமாம், அன்றைக்கு அது இல்லை. எந்த ஊருக்குக் கொண்டுபோயிருந்தாலும் இல்லை. அண்ணன் மேலும் தப்பில்லை, என் மேலும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. இந்த மூச்சைத்தானே உன்னிடமிருந்து நான் ஒரு வேரைக் காட்டிப் பறித்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதேன்.

பரணிலிருந்து அந்தத் தொடரின் பழைய பைண்டிங்கை இறக்கி, இன்று காலை அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். அச்சிட யாரும் கேட்கப்போவதில்லை. சித்தரை அடித்துவிட்டேன், வேரையும் அடித்துவிட்டேன். ஒன்பதாம் நாள் அலமேலு சாகிறாள். குழந்தை பெண். அவளுக்கு விவரம் தெரிகிற வயதில் மருத்துவச்சி ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்கிறாள். அதை மட்டும் உன் பேச்சிலேயே எழுதினேன்: "ஒங்கம்மாவுக்கு அப்ப மருந்தே இல்ல கண்ணு. நீ ஒண்ணும் பண்ணல."